உயிரோடு இருந்தவளுக்குக் காரியம்

தலைவரே, உயிரோடு இருந்த ஒரு பிள்ளையை நீங்கள் மேடையில் நின்று சாகடித்தீர்கள். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை, வாயால் செய்தீர்கள். பிறகு கப்பலேறி வந்து அதே பிள்ளையின் தலையைத் தடவி பிஸ்கோத்து கொடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவள் பெயரும் தெருவுக்கு வரும். ஓசூரில் சங்கத்துப் பலகை எந்த வீட்டு வாசலில் தொங்குகிறது என்று இந்தத் தாலுகாவில் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாத ஊர்க்காரர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கெலமங்கலத்துக்காரி. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அண்ணன் வீட்டில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டு, களத்தில் ராகி தூற்றிக்கொண்டு இருந்தேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சந்தைத் திடலில் ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர் சங்கத் தலைவர். மலாயாவில் நம் ஜனங்கள் ரப்பர் தோட்டங்களில் பட்ட பாட்டைச் சொன்னார். சண்டை நடந்தபோது ஜப்பான்காரன் ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதையும், போனவர்கள் அங்கேயே மண்ணானதையும், பிள்ளைகள் தோட்டத்துக் கூலி லயங்களில் அனாதையாக நின்றதையும் சொன்னார். பினாங்கில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அனாதை இல்லம் இருக்கிறது, சங்கம் அதற்கு ஆள் அனுப்புகிறது, சம்பளம் கிடையாது, சாப்பாடும் கப்பல் செலவும் உண்டு என்றார்.

"சோறு போட அங்க ஆள் இருக்கு. நம்ம பேச்சுல 'சாப்பிட்டியா'ன்னு கேக்கத்தான் ஆள் இல்லே" என்றார்.

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்தேன். என்னையும் யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அண்ணன் குதித்தார். "ஏம்மே, கெலமங்கலத்துல அனாதையே இல்லேன்னு கப்பல் ஏறிப் போய்த் தேடப் போறியா?"

அண்ணி நிதானமாகச் சொன்னாள். "போகட்டும் விடுங்க. திரும்பி வர்றப்ப எனக்கு ஒரு சீனாக்காரன் குடை வாங்கியாரட்டும்."

போனேன். அந்த இல்லத்தைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். தகரக் கூரை, நாள் தவறாத மழை, சோறும் கருவாடும். பிள்ளைகளுக்குத் தலை வாரி, பேன் எடுத்து, சிரங்குக்கு மருந்து போட்டு, துணி துவைப்பது என் வேலை. "யக்கா, யக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டு கிடப்பார்கள். மேட்ரன் ஒரு கிழவி. எட்டு ஊர்ப் பாஷையில் திட்டுவாள், எல்லாவற்றிலும் அன்பாகத்தான் திட்டுவாள்.

வீட்டிலிருந்து ஒரு மூட்டை ராகி மாவு கொண்டுபோயிருந்தேன். சோறு எனக்குச் சலித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி உருண்டை பிடித்து, கொள்ளுக் குழம்போடு உட்கார்ந்தேன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"ஐயையோ, யக்கா தாரு தின்னுறாங்கடா! ரோட்டுக்கு ஊத்துற தாரு!"

ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தேன். மென்றார்கள். பல்லில் ஒட்டிக்கொண்டு முழிக்க, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரித்தார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் மெல்லவில்லை. துண்டைக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி வைத்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்கியது. பிறகு அடுத்த துண்டுக்குக் கை நீட்டியது. களியை மெல்லக் கூடாது என்று அந்தத் தீவில் யார் அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? எனக்குக் கை நின்றுவிட்டது.

"உனக்கு யாரும்மா இது பழக்கினது?"

"அம்மா. சண்டைக் காலத்துல அரிசி கிடைக்கலே, எங்க தோட்டத்துல இதான். அம்மா சொல்லும், ஊர்ல சிக்கப்பா வீட்லயும் இதான்னு."

சிக்கப்பா என்றால் கன்னடத்தில் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கெலமங்கலம் சந்தையில் நிற்பது போல இருந்தது.

மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அப்பாவுக்குத் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டோரத்து ஊர். ஊர்ப் பெயரையும் சொன்னாள். ஊருக்குப் பின்னால் ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு பாறை. சிக்கப்பாவுக்கு இடது காது கிழிந்திருக்கும், சின்ன வயதில் மாடு முட்டியது. அப்பா சயாமுக்குப் போய் வரவில்லை. அம்மா சண்டை முடிந்த பிறகு தோட்டத்தில் செத்தாள். சாவதற்கு முன்னால் இதையெல்லாம் தினமும் சொல்லவைத்திருக்கிறாள். நம் பக்கத்து ஆள் யாராவது வருவார்கள், அவர்களிடம் சொல், சிக்கப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று. பெற்றவள் விட்டுப்போன சொத்து அவ்வளவுதான்.

அந்த வருஷம் தலைவர் இல்லத்தைப் பார்வையிட வந்தார். நான் அவளை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊர், பாறை, காது எல்லாம் ஒப்பித்தாள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யாகத் துடைத்தார் என்று இன்றைக்கும் நான் சொல்லவில்லை. அவளைப் படம் பிடிக்கச் சொன்னார். "நானே அந்த ஊருக்குப் போறேன் அம்மா. இது என் பொறுப்பு" என்றார்.

அடுத்த வருஷம் மறுபடி வந்தார். அந்தப் பிள்ளை வாசலுக்கு ஓடியது. "சிக்கப்பாவைப் பார்த்தீங்களா?"

தலைவர் தலையைத் தடவினார். பிஸ்கோத்துப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். "தேடிக்கிட்டேதான் இருக்கேன் கண்ணு. அந்த ஊர்ல பாதிப் பேர் பெங்களூருக்கு மில்லு வேலைக்குப் போயிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. காட்டோரத்தில் நிலம் வைத்திருக்கிறவன் சுலபத்தில் மில்லுக்குப் போகமாட்டான். யானை வந்து மிதித்தாலும் மறுபடி விதைப்பான். நான் ஒப்புக்கொண்டு வந்த தவணை முடிந்ததும் மேட்ரனிடம் கேட்டேன், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சொந்தக்காரன் கிடைச்சா விடு. கிடைக்கலேன்னா நீதான் சொந்தக்காரி. என்கிட்டத் திருப்பிக் கொண்டாராதே" என்றாள். காகிதங்களுக்கு அவளே அலைந்தாள்.

கப்பல், ரயில், ஓசூர் பஸ், தேன்கனிக்கோட்டை பஸ். பிறகு நடை. வழியெல்லாம் அவள் மறுபடி ஒப்பிக்க ஆரம்பித்தாள். பாறை முதலில் தெரிந்தது. அம்மா சொன்னபடியே ஒட்டகம் படுத்திருந்தது. அவள் ஓடினாள்.

வீட்டைக் காட்டினார்கள். சித்தி முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். இவள் யாருடைய மகள் என்று நான் சொன்னேன். முறம் விழுந்தது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அலறல் மட்டும் கேட்டது.

ராகிக் கொல்லையில் யானைக் காவலுக்குப் போட்ட பரணிலிருந்து சிக்கப்பாவைக் கூட்டிவந்தார்கள். இடது காது கிழிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். அவருடைய அண்ணன் ஜாடை அவளிடம் அப்படியே இருந்ததாம், பிறகு சொன்னார்கள். பிள்ளை பாதி தூரம் போய், அவர் முகத்தைப் பார்த்து நின்றது.

"அம்மா, இந்தப் பிள்ளைக்கு நாங்க காரியம் பண்ணிட்டோமே" என்றார்.

நடந்தது இதுதான். தலைவர் முதல் முறை பினாங்கிலிருந்து திரும்பியதும் தேன்கனிக்கோட்டையில் ஒரு கூட்டம் போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பாறை, காது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நாதியே இல்லாத பிள்ளை என்றால்தான் ஜனம் அழும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒரு சிக்கப்பன் இருந்தானாம், காது கிழிஞ்சவன். அவனும் போய்ச் சேர்ந்துட்டான்" என்று முடித்திருக்கிறார்.

கூட்டத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கிறார். "நான் போகலியே சாமி. இங்கதான் நிக்கிறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்திருக்கிறது. "தலைவரே, பொணம் எழுந்து பேசுது!" என்று எவனோ கத்தியிருக்கிறான். சிக்கப்பா சிரிக்கவில்லை. மேடைக்குக் கிட்டே போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கண்ணன் மக எங்க சாமி? வழி சொல்லுங்க, நான் போய்க் கூட்டியாரேன்" என்றிருக்கிறார்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். "தப்பாகச் சொல்லிவிட்டேன், இந்தா விலாசம்" என்றிருந்தால் ஜனம் இன்னொரு முறை சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். தலைவருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

"பிந்திட்டியே ஐயா. போன மாசம் ஜுரத்துல பிள்ளை போயிடுச்சு" என்றார்.

சிரிப்பு நின்றது. கூட்டம் அழுதது. நினைத்தது நடந்தது.

சிக்கப்பா அதுவரை அண்ணனுக்கும் காரியம் செய்யாமல் வைத்திருந்தவர். சேதி நிச்சயமில்லாமல் எப்படிச் செய்வது என்று. அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. மாவில் மூன்று உருவம் பிடித்து, அண்ணன், அண்ணி, பிள்ளை என்று பாடை கட்டி, அந்த வாசல் வழியாகவே தூக்கிப்போய் எரித்திருக்கிறார்கள். மீசை எடுத்து, ஊருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். பாடை போன வாசலில் போனவர் திரும்ப நுழையக் கூடாது. நுழைந்தால் வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாங்கள் போனபோது சித்தி வாயும் வயிறுமாக இருந்தாள். கதவைச் சாத்தியதற்கு நான் அவளைத் திட்டமாட்டேன். பயந்தவள் சாத்துவாள்.

ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடினார்கள். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரொம்ப நேரம் பேசி ஒரு வழி சொன்னார்கள். சாவு சொன்ன வாயே வந்து, ஜனத்துக்கு முன்னால், அது பொய் என்று சொல்லட்டும். சாவே நடக்கவில்லை என்றால் காரியமும் செல்லாது. பால் ஊற்றிக் குளிப்பாட்டி, புதுசாய்ப் பிறந்த மாதிரி பெயர் வைத்து, வீட்டுக்குள் எடுத்துக்கொள்வோம். சிக்கப்பா தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார். "எப்படியாவது அவரைக் கூட்டியாங்கக்கா."

எனக்கு அப்போது நம்பிக்கை இருந்தது. ஒரு பஸ் ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே.

ஓசூருக்குப் போனேன். தலைவர் காபி கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது, மறுக்கவே இல்லை.

"மேடையில ஒரு வார்த்தை தவறிப்போச்சு அம்மா. நான் தனியா அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிடறேன்."

"தனியாச் சொன்னா செல்லாதாம். நாலு பேர் முன்னால சொன்னதை நாலு பேர் முன்னாலதான் எடுக்கணுமாம்."

"நான் பொய் சொன்னேன்னு நானே கூவினா நாளைக்குச் சங்கத்தை எவன் நம்புவான்? பினாங்குல அத்தனை பிள்ளைங்க வாயில மண்ணு விழும். ஒரு பிள்ளைக்காக அத்தனை பேரையும் பட்டினி போடச் சொல்றியா?"

அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வாரினவள் நான்.

"அந்தப் பிள்ளைங்க பேரை வச்சு நீங்க ஒளிஞ்சுக்காதீங்க" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "நல்ல குணம் உனக்கு. நீயே வளர்த்துக்கயேன். உனக்கும் யாரும் இல்லே."

காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அவளை நான்தான் வளர்க்கிறேன். கெலமங்கலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணியோடு சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள், அந்தச் சீனாக்காரன் குடையை அவள்தான் அதிகம் பிடிக்கிறாள். பெரியவளாகிவிட்டாள். சடங்குக்குத் தாய்மாமன் ஸ்தானத்தில் நிற்க ஆள் இல்லை, என் அண்ணன் நின்றார். ஒவ்வொரு சந்தை நாளும் சிக்கப்பா வருகிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். பேசக் கூடாது என்பது ஊர்க் கட்டு. வெல்லமோ வளையலோ வாங்கி வெற்றிலைக் கடையில் வைத்துவிட்டுப் போகிறார். அவர் தலை மறைந்த பிறகு இவள் போய் எடுத்துக்கொள்கிறாள். போன சந்தையில் ஒரு தூக்குப் பாத்திரம் வைத்திருந்தார். உள்ளே களி. சித்தி கிண்டியது. இவள் கடை வாசலிலேயே உட்கார்ந்து, ஒரு துண்டு மிச்சமில்லாமல் விழுங்கினாள்.

கதவைச் சாத்தியவளே களி கொடுத்தனுப்புகிறாள். அந்த வீடு இவளுக்காகக் காத்திருக்கிறது. இப்போது இவளுக்கு வரன் கேட்டு வருகிறார்கள். எந்த வீட்டுப் பெண் என்று கேட்கிறார்கள். செத்துப்போனவள் என்றா நான் சொல்வேன்?

தலைவரே, நீங்கள் இன்னும் கூட்டம் போடுகிறீர்கள். போன மாதம் கூட ராயக்கோட்டையில் பேசினீர்கள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தொண்டையோடு காட்டோரத்து ஊருக்கு வாருங்கள். எந்த நாள் என்று நீங்களே குறியுங்கள், ஊருக்குத் தமுக்கு அடிக்க நான் ஏற்பாடு செய்கிறேன். கோயில் முன்னால் நின்று, "அந்தப் பிள்ளை சாகவில்லை, நான் சொன்னது பொய்" என்று கடைசி ஆள் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால், ஏன் வரமாட்டேன் என்பதை எங்கள் கெலமங்கலம் சந்தைத் திடலில், அவள் முகத்தைப் பார்த்து, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். எனக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்ப வேண்டாம்.