முகப்பில் மாமனார் படம்

கோவில்பட்டியில் எங்கள் கடலைமிட்டாய்க் கடைக்கு இணையதளம் தொடங்கினோம். முகப்பு முழுக்க, மாலை போட்ட என் மாமனார் படம். மிட்டாயைப் பார்க்க வெகுதூரம் கீழே போகவேண்டும். தீபாவளி நெருங்கியும் ஆர்டர் வரவில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். "சைட்டுல மாலை போட்ட படம் பார்த்தேன். வீட்ல யாரு தவறிட்டாவ? கடையை என்னைக்குத் திறப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனார் இறந்து பல வருடமாகிறது!

கணவரிடம் சொல்லிவிட்டேன்: "மாமா படத்தைக் கீழே இறக்குதேன். நம்ம கடையிலயும் அவிய கல்லாவுக்குப் பின்னால சுவத்துலதான இருக்காவ? முன்னால இருக்கது மிட்டாய்தான?" அவர் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை.

இப்போது முகப்பைத் திறந்ததும் கடலைமிட்டாய், எள்ளுமிட்டாய் படங்கள். உச்சியில் தேடுகிற கட்டம். பண்டிகை வாழ்த்துக்குக்கூட மிட்டாய்க்குக் கீழேதான் இடம் கொடுக்கிறேன். துக்கம் விசாரித்து யாரும் கூப்பிடுவதில்லை. "பார்சல் கிளம்பிட்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.