அப்பா பேருக்கு வந்த பத்தாம் பாகம்

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை, நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். வாய்த்துடுக்கில் எங்கள் பிளாக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

அந்த நாளில் மெட்ராஸிலிருந்து ஒரு பதிப்பகம் பிள்ளைகளுக்காக மந்திரக் கதை ஒன்றை ஆண்டுக்கு ஒரு பாகமாகப் போட்டுவந்தது. ஒரு மந்திரவாதி இளவரசியின் நிழலைத் திருடிக்கொண்டு போய்விடுவான். அவள் கறுப்புக் குதிரையில் ஏறி, தீவு தீவாக அதைத் தேடிப் போவாள். முதல் பாகம் வந்தபோது நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை. ஒன்பதாம் பாகத்தின் முடிவில் குதிரை கல்லாகிவிட்டது, இளவரசி தனியாக நிற்கிறாள். அடுத்த பாகத்தோடு கதை முடிகிறது என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வருடத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று என் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கமாக அப்பாதான் மணியார்டர் அனுப்பி, விலாசச் சீட்டும் எழுதி அனுப்புவார். அதையே பார்சலில் ஒட்டி அனுப்புவார்கள். கடைசிப் பாகத்துக்கு நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். அப்பா பெயர், மைன்ஸ், நெய்வேலி. அவ்வளவுதான் எழுதினேன். பிளாக் நம்பரும் கிடையாது, வீட்டு நம்பரும் கிடையாது. எங்கள் அப்பாவைத் தெரியாதவர் நெய்வேலியில் யார் இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

என் வகுப்பில் எல்லோருக்கும் புத்தகம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கதை முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் போஸ்ட்மேனை வழிமறித்து, அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அந்தப் பேருக்கு வந்த புக்கா? பத்து நாளைக்கு முன்னாடியே குடுத்துட்டேனேம்மா" என்றார். எந்த வீடு என்றும் சொன்னார். எங்கள் அப்பா பெயரிலேயே இன்னொருவர், வேறு பிளாக்கில், அவருக்கும் மைன்ஸில்தான் வேலை.

மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கதவைத் திறந்தது ஓர் அக்கா, புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. படித்த இடத்தில் விரலை வைத்து மூடியபடி கையில் ஒரு புத்தகம். அட்டையில் என் இளவரசி.

"அது எங்க புக்கு. குடுங்க" என்றேன்.

"இல்லம்மா, இது எங்க வூட்டுக்காரரு எனக்கு வாங்கினது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாராச்சும் பத்தாவது பாகத்தை மட்டும் வாங்குவாங்களா? முதல் ஒம்போது பாகம் உங்ககிட்ட இருக்கா?"

அவர் உள்ளே போய் பார்சல் தாளை எடுத்து வந்தார். கசங்காமல் நீவி, நாலாக மடித்து வைத்திருந்தார். "அவரு பேருதான போட்டிருக்கு?" என்று காட்டினார். அதில் ஒட்டியிருந்தது நான் எழுதிய சீட்டு. என் கையெழுத்தைப் பார்த்ததும் செய்த தப்பு புரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்வேனா? "இது நான் எழுதினது. எங்க அப்பா பேரும் அதேதான். வேணும்னா உங்க வீட்டுக்காரரையே கேளுங்க" என்று குரலை உயர்த்தினேன்.

நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கம்மாபுரம் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. அக்கா அவரிடம், "நீங்கதான வாங்கினீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நான் ஒண்ணும் வாங்கலியே. நீ படிச்சிக்கினு இருக்கவும் உங்க அண்ணன் அனுப்பினாருன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

அக்கா முந்தானையால் அட்டையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் ஜெயித்த மிதப்பில் சைக்கிளை மிதித்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். நீல மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'என் வீட்டுக்காரர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் புத்தகம்.'

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளாக அந்த அக்கா அந்த நினைப்பில் சந்தோஷமாக இருந்திருக்கிறார். அதை நான் போய், அதுவும் அவர் புருஷன் வாயாலேயே, இல்லை என்று ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். தப்பு விலாசம் எழுதியது நான், சத்தம் போட்டதும் நான். புத்தகத்தைப் படிக்காமல் இருந்தேனா என்றால் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கே படித்து முடித்தேன். நிழல் கிடைத்ததா இல்லையா என்பதைவிட அந்த நீல மைதான் மனசில் நின்றது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஜென்மம் நான். மறுவாரம் ஒன்பது பாகத்தையும் கேரியரில் கட்டிக்கொண்டு போய், "முதல்ல இருந்து படிங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னையும் புத்தகக் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கல்லுக் குதிரையப் பாத்து அந்தப் பொண்ணு ஏன் அப்புடி அழுவுது? ரெண்டு தபா படிச்சும் எனக்குப் புரியல" என்றார். வாசலிலேயே உட்கார்ந்து குதிரையின் கதையை ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் எழுதியிருந்ததைப் பற்றி மட்டும் பேச வாய் வரவில்லை.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்த கையோடு, காக்கி உடுப்பில், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் பிரிக்காத பார்சல் ஒன்று வைத்திருந்தார்.

"பாப்பா, இது புதுசு, இத நீ வெச்சிக்க. அந்தப் பழசக் குடு" என்றார்.

"புதுசையே அக்காகிட்ட குடுங்களேண்ணா."

"அதுல அவ ஒண்ணு எழுதி வெச்சிருக்கா. அது பொய்யா இருக்க வேணாம்னு பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, லேசாகச் சிரித்தார். "வூட்டு நம்பரு, பிளாக்கு நம்பரு எல்லாம் எழுதித்தான் வரவழைச்சேன்."

பழைய புத்தகத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தேன். என் பத்தாம் பாகத்தில் இன்றுவரை முதல் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. வாதத்தில் விட்டுக்கொடுக்காத குணம் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கும்போது, எதிரில் நிற்பவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.