நாலாவது சிலிண்டர்

என்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பழுதுபார்த்து, முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டிப்போன கார் அது. சில வாரங்களிலேயே அதே வொர்க்‌ஷாப்பில், அதே இடத்தில், பானெட்டைத் திறந்துகொண்டு மறுபடி நின்றது.

வொர்க்‌ஷாப் லுக்குட் டவுன் கடைவரிசையின் கோடியில் இருக்கிறது. நடத்துபவர் என் தம்பி மனைவியின் அண்ணன். தம்பி அவரை மச்சான் என்று கூப்பிடுவான். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். கார் தம்பியுடையது. லுக்குட்டுக்கு வெளியே உள்ள செம்பனைத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போவதுதான் அவன் பிழைப்பு. என்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய் கார் நின்ற நாட்களில் வேறு ஒருவரின் வேனைக் கெஞ்சி ஏற்பாடு செய்திருந்தான். வேன்காரருக்கு அந்தப் பிள்ளைகளை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள ஆசை. இன்னொரு முறை கார் நின்றால் பெற்றோர் அவர் பக்கம் போய்விடுவார்கள் என்று தம்பிக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

கார் ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் உதறும். மிதித்தால் சத்தம் வருமே தவிர வேகம் வராது. முந்தின வாரம் தோட்டத்துச் செம்மண் மேட்டில் ஏறாமல் திணறவே, தம்பி பிள்ளைகளை இறக்கி நடக்கச் சொல்லியிருக்கிறான். பைகளைச் சுமந்துகொண்டு அவர்கள் மேடேற, பின்னால் வெறும் கார் ஊர்ந்து வந்திருக்கிறது. அதை ஒரு பிள்ளையின் தாய் தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மச்சான் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்த ஓட்டையில் இருந்தது எது என்று தெரியும்படி துணிமேல் வரிசையாக வைத்தார். முதல் மூன்றும் வெளிர் பழுப்பு. நாலாவது ஈரமாகக் கறுத்திருந்தது. அவர் முதல் பிளக் இருந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜைத் திருகினார்.

"மாப்ள, எண்ணெய் பெடல நல்லா அழுத்தி மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் அடிங்க. நான் போதும்ங்கற வரைக்கும் விடாதீங்க."

மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வந்திருந்த தோட்டத்தில் ஆட்களை மேய்த்த வயதான மண்டோர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போஸ், காருக்குப் பிரஷர் பாக்கறீங்களா? கிளினிக்ல எனக்கு இப்படித்தான் கையில சுத்திவிட்டாங்க. உப்பக் கொறைக்கச் சொன்னாங்க."

"இதுக்கு ஏத்தணும், மண்டோரே."

"அப்ப கருவாடு குடுங்க லா."

மற்ற நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். முதல் சிலிண்டரில் முள் நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய அதே அளவு. நாலாவதில் தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது. மச்சான் கேஜைக் கழற்றி மறுபடி திருகிப் பார்த்தார். அதே தொண்ணூற்றைந்து.

"காத்து எங்கயோ போவுது," என்றார். பிறகு மெதுவாக, "ரிங்காவும் இருக்கலாம்" என்றார்.

பிஸ்டன் ரிங் என்ஜினின் கீழ்ப்பாதியில் இருப்பது. அதை அவர் தொடவே இல்லை. ரிங் தேய்ந்திருந்தால், கொதிக்கக் கொதிக்கக் காரை ஓட்டிய தம்பியின் தவறு. வால்வு என்றால் மேல்பாதி, ஹெட் வேலை. அது மச்சானின் தவறு.

"அப்ப நான்தான் கெடுத்தேங்கறீங்க?" என்றான் தம்பி.

"அப்படிச் சொல்லல மாப்ள. பாத்துருவோம்."

அவர் நினைத்திருந்தால் ரிங் என்றே சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்களுக்கு என்ன தெரியும். ஒரு கரண்டி என்ஜின் எண்ணெயை நாலாவது ஓட்டைக்குள் ஊற்றினார். ரிங் வழியாகக் காற்று போனால் எண்ணெய் அந்த இடுக்கை அடைக்கும், முள் ஏறும் என்று விளக்கினார். தம்பி ஸ்டார்ட் அடித்தான். முள் தொண்ணூற்றைந்திலேயே நின்றது.

"ரிங் இல்ல. வால்வு," என்றார் மச்சான். "என் வேலைதான்."

தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அது அவர் வேலை மட்டுமில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

பூசை நாளன்று நான்தான் தாம்பாளத்தோடு இங்கே வந்து நின்றேன். வெற்றிலை, பழம், சூடம் எல்லாம் தயார். மச்சான் அப்போது வால்வு கவரைத் திறந்து வைத்து டேப்பட் இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தார். அரைத்துப் பூட்டிய வால்வு பழைய இடத்தைவிடச் சற்று உள்ளே போய் உட்காரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைப் புதிதாக வைக்க வேண்டும். மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டு எடுத்து அளந்துகொண்டிருந்தார். மூன்று சிலிண்டர் முடிந்திருந்தது. நாலாவதுக்குக் குனிந்தபோது நான், "நல்ல நேரம் முடியப்போவுதுப்பா" என்றேன்.

ஒரு வாடிக்கையாளர் அப்படிச் சொல்லியிருந்தால் நாளைக்கு வாங்க என்றிருப்பார். ஆனால் நான் அவருடைய தங்கைக்கு நாத்தனார். பெண் கொடுத்த வீட்டுக்காரர் நாத்தனாரிடம் காத்திருங்கள் என்று சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குரலில் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக் கவரை மூடினார். "பூசை முடிஞ்சதும் கொண்டாந்துருங்கக்கா. நாலாவது ஒண்ணு பாக்கணும்."

கோயிலில் பழம் நசுங்கியதும் பூசாரி, வண்டி நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், பழம் ஏறின அன்றைக்குத் திரும்பிப் பட்டறையில் நிறுத்தக்கூடாது என்றார். நாங்கள் வீட்டுக்குப் போனோம். மறுநாள் பள்ளிக்கூடம். அதற்கடுத்த நாளும் பள்ளிக்கூடம். மச்சான் போன் செய்தபோதெல்லாம் தம்பி, "நல்லாத்தான் ஓடுது மச்சான்" என்றான். பூசை போட்ட கார் உதறுகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது மச்சான் அந்தக் கவரைத் திறந்து, நாலாவது சிலிண்டரின் புகைவால்வில் தகட்டை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. இடைவெளியே இல்லாமல், இத்தனை நாளும் வால்வு முழுதாக மூடாமலே ஓடியிருக்கிறது.

"லூசாக்கிப் பாப்போம். அதோட முடிஞ்சா நல்லது," என்றார்.

"முடியலன்னா?"

"வால்வு கருகியிருக்கும். மறுபடியும் ஹெட்ட எறக்கணும் மாப்ள."

இடைவெளியை வைத்து, கேஜைத் திருகினார். தம்பி மிதித்தான். முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டியது. நூற்றுப் பத்து. நூற்றிருபது. நான் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நூற்றிருபதிலேயே நின்றுவிட்டது.

மச்சான் விடவில்லை. வால்வுகள் மூடியிருக்கும் நிலைக்கு என்ஜினைத் திருப்பி வைத்து, காற்று எங்கே வெளியேறுகிறது என்று தேட, டயருக்குக் காற்றடிக்கும் குழாயை நாலாவது ஓட்டையில் மாட்டினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீரில் குமிழி இல்லை, கேஸ்கட் நன்றாக இருந்தது. எண்ணெய் ஊற்றும் வாயில் காதை வைத்தார். அங்கேயும் ஒன்றும் பெரிதாக இல்லை.

"அக்கா, பின்னால போய்ப் புகைக்குழாய்ல கேளுங்க. எனக்கு இந்தக் காது சரியில்ல."

சிமெண்டுத் தரையில் முட்டி போட்டேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல் மெல்லிய சீறல் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன், உள்ளங்கையில் காற்றுப் பட்டது. கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"கேக்குது," என்றேன். புகைவால்வு கருகிவிட்டது, ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்.

மண்டோர் நாற்காலியை விட்டு எழுந்து தன் மோட்டார் சைக்கிள் பக்கம் போய்விட்டார். அவர் போனதே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

தம்பி சாலையோரக் கால்வாய்ப் பக்கம் நின்று, கார் சில நாள் வராது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தான். மேட்டில் பிள்ளைகள் நடந்ததைப் பார்த்த அந்தத் தாய் ஸ்பீக்கரில் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"பரவால்லண்ணே. நாங்க அன்னிக்கே வேன்காரர்கிட்ட சொல்லிட்டோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." சற்று நிறுத்தி, "பூசையெல்லாம் போட்டீங்களேண்ணே" என்றார். கேலியே இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

இன்னும் இரண்டு வீட்டில் கிட்டத்தட்ட அதே பதில். மற்றவர்கள் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக மச்சான் தன் சொந்தக் காரின் சாவியைக் கொடுத்தார். தம்பி உடனே வாங்கவில்லை. அவர் சாவியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே போனபிறகுதான் எடுத்துக்கொண்டான்.

ஹெட் மறுபடி இறங்கி, புது வால்வு போட்டு ஏறியது. இந்த முறை மச்சான் என்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுநாள் டேப்பட்டைத் திரும்பப் பார்த்தார். அன்றைக்கு நான் குடியிருக்கும் மந்தினிலிருந்து பஸ்ஸில் வந்து, தம்பி வீட்டில் தலைகாட்டிவிட்டு இங்கே வந்திருந்தேன். மூன்று சிலிண்டர் முடித்து, நாலாவதுக்குக் குனியுமுன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இன்னைக்கு நேரம் ஏதும் பாத்திருக்கீங்களா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தகட்டைக் கையில் பிடித்தபடி, சொன்னால் நிறுத்திவிடுவதற்குத் தயாராக நின்று கேட்டார்.

"இல்லப்பா. நீ பாரு."

அவர் குனிந்தார். என் கைப்பைக்குள் காரை மேலே ஏற்றி ஓட்டத் தம்பி மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம் இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடி, நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.