நடுவில் இரண்டு நிமிடம்

"...உறுமியெல்லாம் இனி எடுபடாது, பசறை டவுன் கீபோர்ட் செட்டோட சேந்து போறோம்னு நம்ம மேளப் பசங்க மூணு பேரும் ஒத்தக் கால்ல நிக்கிறானுங்க தம்பி. நாளைக்குக் கோயில்ல கூடுறோம். இதப் போட்டுக் காட்டுறேன். வெள்ளக்காரன் பாட்டுக்கு நடுவுல உறுமி வர்ற எடத்தக் கேட்டுட்டு அப்புறம் பேசட்டும்" என்று சொல்லி, அவர் ஒரு சிடியை என் கண்ணாடி மேசைமேல் வைத்தார். புத்தம் புதிது. கொழும்பில் வேலை செய்யும் மைத்துனரிடம் சொல்லி வரவழைத்தாராம்.

அந்தப் பாட்டில் உறுமி கிடையாது. அதை அங்கே வைத்தவன் நான்.

அவர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் ரோலர் மெஷினில் நிற்பவர். தோட்டத்துக் கோயிலின் மேள செட்டுக்கும் அவர்தான் தலைவர். உறுமி அவர் கையில் இருக்கும்; பம்பையும் தவிலும் தாளமும் இளம் பையன்கள் மூவரிடம். நான் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ரெக்கோடிங் பாரில் வேலைக்கு இருந்தேன். கேட்கிற பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. பிறகு அதே கடை என் பொறுப்புக்கு வந்து, கேசட் போய், சிடி விற்கத் தொடங்கியிருந்தேன்.

எல்லாம் ஆரம்பித்தது தொண்ணூறுகளில். ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தபோது, தேயிலைப் பெட்டி ஒன்று நிறைய இசைத்தட்டுகள் எங்கள் கடைக்கு வந்தன. அதில் ஓர் ஆங்கில இசைக்குழுவின் தட்டுகள் நான்கைந்து. ஒரு நாள் அவற்றில் முதலாவதைச் சும்மா சுழலவிட்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்துநின்ற இவர் உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்க இது, நம்ம ரோலர் ஓடுற மாதிரியே இருக்கு? கொழுந்த உள்ள போட்டு மூடிய எறக்குற சத்தம் அப்படியே வருதே!"

இங்கிலீஷ் பாட்டை ஒருவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றே ஒரு கேசட் பதிந்து தரச் சொன்னார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கேசட்டில் எங்கேயும் சத்தமில்லாத இடம் இருக்கக்கூடாது. இருந்தால் வாங்கியவர் வந்து, "டேப் செத்துப் போச்சு" என்று சண்டை பிடிப்பார். ஆகவே பத்து எண்ணும்வரை சத்தம் வராவிட்டால், பக்கத்து மெஷினில் என்ன கேசட் கிடக்கிறதோ அதைத் திறந்துவிட வேண்டும். அந்தத் தட்டிலோ ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நடுவில் சட்டென்று நின்றுவிட்டது. ஊசி தேய்ந்ததோ, தட்டில் கோளாறோ என்று எண்ணினேன். பத்து எண்ணினேன். பக்கத்து மெஷினில், ஏதோ தோட்டத்துத் திருவிழாவில் பதிந்து பிரதி எடுக்கக் கொடுத்திருந்த உறுமி மேளம் கிடந்தது. திறந்துவிட்டேன். தட்டு மறுபடி பாடத் தொடங்கியதும் மூடினேன். அந்த உறுமியின் முனகல் அவர்களுடைய மின்சார வாத்தியங்களோடு எப்படிப் பொருந்தியது என்கிறீர்கள்! ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை.

மறுவாரம் அவர் ஓடிவந்தார். "தம்பி, அந்த எடத்துல உறுமி வருதே, அதுதாங்க பாட்டு. மத்ததெல்லாம் அங்க போறதுக்கு வழி!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த முறையும் அப்படித்தான். கொஞ்ச நாளில், அகராதியை வைத்துக்கொண்டு தட்டின் அட்டைப் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்தால், அந்த இரண்டு நிமிட அமைதியை அவர்கள் வேண்டுமென்றே விட்டதாக எழுதியிருந்தது. அதன் பிறகு கடைவாசலில் அவர் தலை தெரிந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது. தட்டுகளை அடுக்குவேன், கலைப்பேன், திரும்ப அடுக்குவேன்.

அவரோ அந்தக் குழுவின் சங்கதியெல்லாம் என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். பாடுகிறவன் தலையில் விளக்குக்கூட்டைக் கவிழ்த்துக்கொண்டு மேடையேறுவான் என்றேன். "நம்ம காமன் கூத்துக்காரன் மாதிரி. வேஷம் கட்டுனாத்தான் தொண்ட தொறக்கும்" என்றார். மூன்றாம் தட்டோடு அந்தப் பாடகன் விலகினான். டிரம் அடித்தவனே பாட வந்தான். அதைக் கேட்டு ஒரு மாதம் கவலைப்பட்டார். "அவன் பாட வந்தா அடிய யாரு பாக்குறது?" பிறகு பாட்டுகள் குறுகின, அவர்களுடைய கச்சேரிகளுக்கு விளையாட்டு மைதானங்கள் நிறைந்தன. "கூட்டம் சேந்துருச்சு, பாட்டு செறுத்துருச்சு" என்று அலுத்துக்கொண்டார். கிட்டார்காரனும் கீபோர்ட்காரனும் பேசாமலே நான்கு வருடம் சேர்ந்து வாசித்தார்களாம் என்று ஒரு பழைய சஞ்சிகையில் படித்துச் சொன்னபோது மட்டும் சிரித்தார். "நம்ம பம்பையும் தவிலும் அப்படித்தான். அடிக்கும்போதுதான் சேருவானுங்க, வடைக்குத் தனித்தனியா போவானுங்க."

கடைசியில் குழு கலைந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, தலை நரைத்து, திரும்பவும் ஒன்றுசேர்ந்து, பழைய தட்டுகளைச் சிடியாக வெளியிட்டார்கள். நெட் கபேயில் பார்த்து நான்தான் அவரிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இத்தனை வருடமும் அவர் அந்தக் கேசட்டைக் காட்டித்தான் மேள செட்டைக் கட்டி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். கேசட் தேய்ந்து இழுக்கத் தொடங்கியிருந்தது. பையன்கள், "இது எங்க பதிஞ்சதோ" என்று கேலி பேச ஆரம்பித்திருந்தார்கள். நாளைக்குக் கோயிலில் இந்தச் சிடியைப் போட்டு, உறுமி வராவிட்டால், அவர்கள் முன் பொய்யனாக நிற்கப் போவது அவர்தான்.

"போடுங்க தம்பி, பஸ் வந்துரும்."

"கரண்ட் சரியில்லண்ணே."

"மேல ஃபேன் சுத்துதே!"

போட்டேன். கடையில் இருந்த சின்ன சிடி பிளேயர் பெட்டியில் ரோலர் ஓடியது, மூடி இறங்கியது. நான் துணியை எடுத்து, துடைத்த மேசையையே துடைத்தேன். பாட்டு நின்றது. அவர் விரலை உயர்த்திக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வெளியே பஸ் நடத்துநர் கத்துவது கேட்டது. உயர்த்திய விரல் மெல்ல இறங்கியது.

"சிடி செத்துப் போச்சா?"

"இல்லண்ணே. அங்க ஒண்ணுமே கெடையாது. உறுமிய நான்தான் சேத்தேன்." பத்து எண்ணியதையும், பக்கத்து மெஷினில் கிடந்ததையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன்.

அதற்குள் பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. அவர் காது கொடுக்கவில்லை. என்னை எப்போதும் "வாங்க, போங்க" என்றே பேசுகிறவர்.

"ஏன்டா, அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா? எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்! லயத்து வீடுகள்ல, ஃபேக்டரியில, அத நடத்துற டீமேக்கர் ஐயாகிட்டகூட..."

"பயமா இருந்துச்சுண்ணே."

"யாரு அடிச்ச உறுமி அது?"

"தெரியல. ஏதோ தோட்டத்து ஆளு."

ஸ்டூலை இழுத்துப்போட்டு சிடி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பிறகு, "அந்த எடத்துக்குத் திரும்பப் போ" என்றார். போனேன். இந்த முறை கைக்கடிகாரத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, அந்த அமைதியை முழுக்கக் கேட்டார். வலது கை, உறுமியின் வளைந்த குச்சியைப் பிடித்த மாதிரி மடங்கி, தொடையில், இழுத்து இழுத்து உரசிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம் சொச்சம்" என்றார். "அவனுங்க மூணு பேரும் நானும் அடிக்கிறதுக்கு இது போதும். முன்னுக்கும் பின்னுக்கும் வெள்ளக்காரன் வாசிக்கட்டும். இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போறேன், நாளைக்குக் கோயில்ல முடிஞ்சதும் கொண்டாறேன்."

ஸ்பிரிங்வெளி பஸ் ஹாரன் அடித்தது. என் பதிலுக்குக் காத்திராமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். தேய்ந்த கேசட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, வயர் தரையில் இழுபட, நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்னால் ஓடினார்.