சராசரியை இறக்கிய டீச்சர்

நலியாகா டீச்சர் சிரும்ப்வே ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தது ஒரு ஜனவரியில். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். சிரிக்க வேண்டிய இடத்தில்கூட யோசித்துவிட்டுத்தான் சிரிப்பார். எட்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் சிரும்ப்வே பள்ளி மாவட்டத்திலேயே மூன்றாவது. பள்ளியின் சராசரி மதிப்பெண்ணை எல்கான் மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவனும் புள்ளி பிசகாமல் சொல்வான்.

வந்த இரண்டாம் வாரம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். எட்டாம் வகுப்பில் முப்பது பேர், ஏழாம் வகுப்பில் ஐம்பது பேர். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது. முக்வானாவின் மகன் மசிண்டே.

"எத்தனை வருஷமா ஏழாவது படிக்கிறே?"

"இது நாலாவது வருஷம், டீச்சர்."

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையை முந்தின தலைமையாசிரியர் எட்டாம் வகுப்புக்கே விடமாட்டார். தேர்வு எழுதாத பிள்ளை சராசரியைக் கெடுக்காது, அவ்வளவுதான் கணக்கு. பெற்றவர்களும் 'இன்னும் ஒரு வருஷம் ஊறட்டும்' என்று தலையாட்டினார்கள். பிள்ளை என்ன, ஊறப்போட்ட மக்காச்சோளமா?

அப்படித் தேங்கியிருந்த பதினொரு பேரையும் நலியாகா எட்டாம் வகுப்புக்கு ஏற்றித் தேர்வுக்குப் பதிவு செய்தார். துணைத் தலைமையாசிரியர் சிக்குக்குவுக்குக் கை கால் ஓடவில்லை.

"இந்த ஊரப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர். சராசரி இறங்கிச்சுன்னா கேட்டைப் பூட்டிருவாங்க."

"பூட்டட்டும். நாலு வருஷமா இந்தப் பசங்கள உள்ள வச்சுப் பூட்டியிருந்தோம். அப்ப யாரும் வாயத் தொறக்கலியே."

வருடம் முழுக்கக் காலை ஆறரைக்கே வந்து பதினொரு பேருக்கும் தனியாகப் பாடம் எடுத்தார். பதினொரு பேரும் எழுதினார்கள். மதிப்பெண் சுமார்தான். ஆனாலும் மசிண்டேவுக்குத் தொழிற்பள்ளியில் எஞ்சின் வேலை படிக்க இடம் கிடைத்தது. பள்ளி மூன்றாம் இடத்திலிருந்து பத்தொன்பதாம் இடத்துக்குச் சரிந்தது.

மறு ஜனவரியில் பள்ளி திறந்த அன்று காலை பெற்றோர்கள் எதிர்ப்புக்கு அடையாளமாகப் பச்சை மரக்கிளைகளை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. எல்லோருக்கும் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் முக்வானா.

"எங்க பேரக் கெடுத்த டீச்சர் எங்களுக்கு வேணாம்! இவங்கள மாத்துங்க!"

கல்வி அதிகாரி வந்து நலியாகாவை ஓரமாக அழைத்தார். "யார் யாரால இறங்கிச்சுன்னு பட்டியல் குடுங்கம்மா. சத்தமா வாசிச்சிர்றேன். அப்புறம் யாரு கிளைய ஆட்டுறான்னு பாப்போம்."

பட்டியல் கைப்பையில்தான் இருந்தது. முதல் பெயரே மசிண்டே. வாசித்தால் முக்வானாவின் வாய் அடைபடும், தன் வேலையும் நிலைக்கும். நலியாகாவுக்கு அப்படி ஒரு கோபம். வாசிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வேலியோரம் மசிண்டே தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"பட்டியல் கிட்டியல்லாம் இல்ல சார். எழுதுனது மொத்தமும் என் பிள்ளைங்க."

அந்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், எட்டு வகுப்புக்கும் நான்கே அறை உள்ள பள்ளி. மூட்டை கட்டும்போது நலியாகா அழுதார். அதைச் சிக்குக்கு மட்டும் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரிக் காலையில் அந்தப் பள்ளி வாசலில் முக்வானா வந்து நின்றார். கூடவே சிரும்ப்வே சீருடையில் மகள் நெலிமா.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? நம்ம பள்ளிக்கூடம் திரும்ப மூணாவது எடத்துக்கு வந்திருச்சே, கேள்விப்பட்டீங்களா?" முகத்தில் பெருமை அப்பியிருந்தது.

"சந்தோஷம். என்ன விஷயமா வந்தீங்க?"

பெருமை சற்று இறங்கியது. "இவள மூணாவது தடவையா ஏழாவதுலயே உக்கார வச்சிருக்காங்க. இங்க எட்டாவதுல சேத்துக்கிட்டீங்கன்னா... என் தங்கச்சி வீடு இங்கதான் இருக்கு, அங்க தங்கிக்குவா."

நலியாகா அந்தப் பெண்ணைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணனைப் போலவே.

"இவ எழுதுனா இந்தப் பள்ளிக்கூடத்துச் சராசரி இறங்கும். இந்த ஊர்க்காரங்க கிளையத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அப்ப நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?"

முக்வானா தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லியே, டீச்சர்."

நலியாகா எட்டாம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து நெலிமாவின் பெயரை எழுதினார்.