தெருவை ஒரு வழி பண்ணியது

ஓர் இடத்து நெரிசலைப் பத்திரமாக அடுத்த இடத்தில் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர்தான் போக்குவரத்தைச் சீர்செய்வது. தாம்பரத்தில் நீங்கள் பஸ்ஸுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த நாட்களில், வெளியே விசிலோடு வியர்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நகராட்சிப் பொறியியல் பிரிவில் இருந்தேன். மார்க்கெட் தெருவை ஒருவழிப் பாதையாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நுழைந்து முடிச்சூர் சாலையில் வெளியேற வேண்டும். ஒரு மாதம் சோதனை. தோற்றால் குப்பைப் பிரிவுக்கு மாற்றல் என்று கமிஷனர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தாலே தலைவலி வரும் ஆள் நான். தெரு ஓடியே ஆகவேண்டும்.

அறிவிப்பு

ஆட்டோவில் மைக் கட்டி நானே அறிவித்துக்கொண்டு போனேன்: "நாளை முதல் இந்தத் தெருவை ஒரு வழி பண்ணப் போகிறோம்." எழுதிக் கொடுத்ததில் 'ஒருவழிப் பாதையாக்கப்படும்' என்றுதான் இருந்தது. மக்களுக்குப் புரியட்டும் என்று பேச்சுத் தமிழுக்கு மாற்றியது என் யோசனை. புரிந்துவிட்டது. மூன்று கடைகளில் ஷட்டர் இறங்கியது.

தெரு முனையில் மீன் விற்கும் சகுந்தலாக்கா மட்டும் அசையவில்லை. கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வருபவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "தெரு உன்ன இன்னா பண்ணிச்சு சார்?"

அம்பு

தெரு நடுவில் குறுக்குச் சந்து ஒன்று கடக்கும். அங்கே அம்புக்குறி போட்ட பலகை ஒன்றை நட்டோம். அன்று காலையே இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் வந்து நடுத்தெருவில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எல்லாரும் அம்பைப் பார்த்துத்தான் வந்தோம் என்று சாதித்தார்கள்.

போய்ப் பார்த்தேன். பலகையின் முன்பக்கத்தில் வலதுபுறம் காட்டும் அம்பு. பின்பக்கத்திலும் வலதுபுறம் காட்டும் அம்பு. சந்தின் இந்தப் பக்கமிருந்து வருபவனுக்கு அது முடிச்சூர் சாலையைக் காட்டியது. அந்தப் பக்கமிருந்து வருபவனை ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திருப்பியது. பெயிண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தப்பட்டார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

ரிவர்ஸ்

அம்பைத் திருத்திய பிறகு, பம்மல் ஷேர் ஆட்டோ ஒன்று எதிர்த்திசையில், ஆனால் ரிவர்ஸிலேயே தெரு முழுவதையும் கடந்து வந்தது. மறித்தேன். வண்டியின் மூஞ்சி அம்பு காட்டும் பக்கம்தானே கீது, இதில் இன்னா தப்பு என்றார் டிரைவர். சட்டப்படி யோசித்தேன். சாட்சிக்கு ஆள் தேடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே, பின்பக்கம் பார்த்து உட்காரும் பலகையில் ஒரு டீச்சரம்மா, மடியில் விடைத்தாள் கட்டோடு இருந்தார். அவராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். "விடுங்க சார், பத்து வருஷமா இந்த சீட்ல வர்றேன். இன்னிக்குத்தான் போற திசையப் பாத்து உக்காந்திருக்கேன்."

கடைசி நாள்

சோதனையின் கடைசி நாள் கமிஷனர் பார்வையிட வந்தார். அவருடைய ஜீப் தெருவின் நுழைவாயிலில் குறுக்காக நின்றது. அதைத் தாண்டி ஒரு சைக்கிள்கூட உள்ளே வர முடியவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர்வரை ஹாரன் சத்தம். உள்ளே தெரு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. கமிஷனர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு நிம்மதி.

ஜீப் நின்ற முனைக்குத் திரும்பி, ஏதாவது குறை உண்டா என்று சகுந்தலாக்காவைக் கேட்டார். அவருக்கு அன்று ஒரு போணிகூட ஆகவில்லை. கூடையில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவர் ஜீப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மூக்கின் எதிர்காலம் அவர் வாயில் இருந்தது.

"சார் தெருவ ஒரு வழி பண்ட்டாருங்க" என்றார்.

கமிஷனர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார். "இவ்வளவு சுத்தமா ஒரு தெருவ வெச்சிருக்கிற ஆளு இங்க இருக்கக் கூடாதுப்பா, குப்பைக்குத்தான் வேணும்."

அடுத்த திங்கட்கிழமை முதல் மூக்கில் கைக்குட்டை கட்டி, குப்பை லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து, அதே தெருவுக்குள் முடிச்சூர் சாலை வழியாக ரிவர்ஸில்தான் போய்வந்தேன்.