முடிவாகாத பைக்

பம்மலில் ஒரு பழைய பைக் விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். தனியாள். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. நான் வருவதற்காகத்தான் போட்டிருப்பார் போல.

படிக்கட்டுக்கு அடியில் வண்டி நின்றது. வருடக்கணக்காக ஓடவில்லை, டயர்களில் காற்றே இல்லை. ஆனாலும் ஹெட்லைட்டில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பேசும்போதெல்லாம் அவர் கை ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கிக்கொண்டே இருந்தது.

"ரிப்பேர் பண்ணிக் குடுக்கவா, இப்படியே எடுத்துக்கறீங்களா? நேத்து வந்தவர் என்ஜினைப் பிரிக்கணும்னார். அதுக்கு முந்தி வந்தவர் கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணாலே போதும்னார். நீங்க என்ன சொல்றீங்க?"

"இப்படியே குடுங்க சார். இப்பவே தள்ளிக்கிட்டுப் போயிடறேன்."

முறுக்கிய கை நின்றது.

"அவசரப்படாதீங்க. முதல்ல காபி சாப்பிடுங்க" என்று உள்ளே போனார்.

காபி குடித்தோம். மெக்கானிக்குகளைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். வண்டிப் பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. இருட்டியதும் எரிச்சலோடு வெறுங்கையாகத் திரும்பினேன்.

அடுத்த மாதம் அவரே போன் செய்தார்.

"இன்னும் முடிவு பண்ணலை சார். ஞாயித்துக்கிழமை வந்து இன்னொரு தடவை பார்க்கறீங்களா?"

அதற்குள் நான் வேறொரு பைக் வாங்கியிருந்தேன்.

"வர்றேன் சார்" என்றேன்.

அந்த பைக்கில்தான் போனேன். தெருமுனையிலேயே அதை நிறுத்திவிட்டு, அவர் வீட்டுக்கு நடந்து போனேன்.